டீமேக்கரின் புது மூக்கு

அரைத்த கொழுந்தில் ஒரு கைப்பிடி அள்ளி, மூக்குக்குப் பக்கத்தில் வைத்து, யோகேஸ்வரன் ஆழமாக இழுத்தான். ஒன்றும் வரவில்லை. இன்னொரு பிடி அள்ளி இழுத்தான். அதிலும் ஒன்றும் வரவில்லை. பச்சைத் தண்ணீரை முகர்ந்த மாதிரி இருந்தது.

எதிரே வேலாயி நின்றுகொண்டிருந்தாள். பத்தொன்பது வருசமாக அந்த ஸ்டோரில் கொழுந்து பரப்புகிறவள். ஹட்டனுக்கு மேலே இருக்கும் அந்தத் தோட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலைக்கு ஸ்டோர் என்றுதான் பேர். அரைத்த கொழுந்து அங்கே பரந்து கிடந்து, பச்சை வாடை போய், பழ வாசம் எழும்பும். அந்த நிமிசத்தில் அதை டிரையருக்கு அனுப்ப வேண்டும். முந்தினால் தேத்தண்ணி நாக்கைப் பிடுங்கும், பிந்தினால் சப்பென்று போகும். நிமிசம் எதுவென்று முகர்ந்து சொல்வதுதான் டீமேக்கருக்கு வேலை. ஆக, யோகேஸ்வரன் சம்பளம் வாங்குவதே மூக்கால்தான். அந்த மூக்கைத்தான் மனுசன் பன்னிரண்டு நாளைக்கு முன்னால் கொழும்புக்குக் கொண்டுபோய், வெட்டி நேராக்கிக்கொண்டு வந்திருந்தான்.

பள்ளிக்கூடத்தில் கிரிக்கெட் பந்து பட்டதிலிருந்து அந்த மூக்கு இடப்பக்கம் சாய்ந்தே இருந்தது. நாலு இடத்தில் பெண் பார்த்து, நாலும் தட்டிப்போனது. ஜாதகம் சரியில்லை, தூரம் ஜாஸ்தி என்று அவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். இவனுக்கு மூக்கின்மேல்தான் சந்தேகம். அடுத்ததாக மஸ்கெலியாவில் லோஜினி என்று ஒரு டீச்சர். மாதக் கடைசியில் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். லோஜினியின் அப்பா போனில் கேட்டது ஒரே கேள்விதான்: டீமேக்கர் வேலை நிரந்தரமானதா? நிரந்தரம் என்று இவன் அடித்துச் சொல்லியிருந்தான்.

சத்திரசிகிச்சைக்கு அவன் தயாரான அழகை என்னவென்று சொல்வது. ஒரு மாதம் முன்னாலேயே சிகரெட்டை விட்டான். இரத்தம் சோதித்தான். அப்புறம் நிமிர்ந்துதான் படுக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னதால், மூன்று தலையணை அடுக்கி ஒரு வாரம் ஒத்திகை பார்த்தான். தும்மலாமா, சவரம் செய்யலாமா, பஸ்ஸில் வரலாமா என்று டொக்டரைக் குடைந்து எடுத்தான். மணம் தெரியுமா என்று மட்டும் கேட்கவில்லை. ஒரு டீமேக்கர் கேட்க வேண்டிய ஒரே கேள்வி அதுதான்.

இப்போது வெளியே போய் டொக்டருக்குப் போன் போட்டான். உள்வீக்கம் வடிய ஒன்றிரண்டு மாதம் ஆகும், அதுவரை வாசனை மட்டாகத்தான் இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை என்றார் அவர். பயப்பட ஒன்றுமில்லையாம். அவருக்கென்ன, அவர் கத்தியால் பிழைக்கிறவர்.

உண்மையைச் சொல்லவும் வழியில்லை. அக்கா மகள் சடங்குக்கு இறம்பொடை போகிறேன் என்றுதான் லீவு எடுத்திருந்தான். மூக்கில் பிளாஸ்டரோடு திரும்பியதும், படியில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று சொன்னான். சடங்கு வீட்டில் குடித்துவிட்டு மாமனோடு கட்டிப் புரண்டிருக்கிறான் என்று ஸ்டோர் முழுக்கத் தீர்ப்பு எழுதிவிட்டது. மாமனே இல்லாதவன் அவன்.

முதலில் கடிகாரத்தை நம்பினான். நாற்பது நிமிசம் என்று கணக்கு வைத்தான். ஆனால் மலையில் வெயில் ஒரு மணி, மழை ஒரு மணி. வெயிலுக்குக் கொழுந்து அவசரப்பட்டது, குளிருக்குச் சோம்பல் பட்டது. இரண்டு நாளில் கடிகாரத்தைக் கைவிட்டு, வேலாயியைப் பிடித்தான். சும்மா கேட்கிற மாதிரி, "வேலாயி, ஒனக்கு எப்படித் தோணுது?" என்றான்.

வேலாயிக்குத் திக்கென்றது. இத்தனை வருசத்தில் எந்த டீமேக்கரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. ஆள் குறைக்கப் போகிறார்கள், பரீட்சை வைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

"நீங்க சொன்னா சரிதானுங்க ஐயா."

"சரி, நான் இன்னும் கெடக்கட்டும்னு சொன்னா?"

"கெடக்கட்டுங்க."

"இப்பவே அனுப்புன்னு சொன்னா?"

"அனுப்பிடுறேங்க."

இவளிடம் இனி வாயைக் கொடுத்துப் பயனில்லை. அப்போதுதான் அவனுக்குப் பெரிய தொரை ஞாபகம் வந்தார். தோட்டத்தின் மனேஜர். தினமும் காலையில் ஸ்டோருக்கு வந்து, ஒரு பிடி அள்ளி முகர்ந்து, தலையாட்டிவிட்டுப் போவார். முப்பது வருசத் தேயிலை மூக்கு. வழக்கமாக யோகேஸ்வரன் முதலில் சொல்வான், தொரை ஆமோதிப்பார். இனித் தொரை முகத்தைப் பார்த்தே காலத்தை ஓட்டிவிடலாம் என்று முடிவு கட்டினான்.

மறுநாள் தொரை அள்ளி முகர்ந்தார். இவனும் அள்ளி முகர்ந்துவிட்டு, அவர் முகத்தையே பார்த்தான். அவரோ இவன் முகத்தையே பார்த்தார்.

"என்ன டீமேக்கர்?"

"நீங்களே சொல்லுங்க, சேர்."

"நீங்க சொல்லுங்க."

தன்னை ஆழம் பார்க்கிறார் என்று யோகேஸ்வரன் நினைத்துக்கொண்டான். பட்டும் படாமலும் கழுத்தை லேசாக அசைத்தான். உடனே தொரையும் தலையாட்டினார். அப்பாடா என்று இவனும் பலமாக ஆட்டினான். வேலாயி மட்டும், "இன்னும் கொஞ்சம் கெடக்கலாமுங்களா?" என்று இழுத்தாள். தொரையே தலையாட்டியாயிற்று, இவள் யார் என்று கொழுந்தை அனுப்பச் சொன்னான். அடுத்த இரண்டு வாரமும் அப்படியே ஓடியது. தலைகள் ஆடின, தேயிலை கொழும்புக்குப் போனது.

மூன்றாவது வாரம் கொழும்பில் தேயிலை வாங்குகிறவர்களிடமிருந்து கடிதம் வந்தது. தேயிலையில் ஒரு பகுதி பச்சை, ஒரு பகுதி சப்பை, உங்கள் ஸ்டோரில் முகர்ந்து பார்க்க ஆளே இல்லையா என்று அதில் கேட்டிருந்தார்கள். பத்து மணிக்குப் பங்களாவுக்கு வரும்படி தொரை ஆள் அனுப்பினார்.

பங்களாவுக்கு ஏறும்போது யோகேஸ்வரன் கணக்குப் போட்டான். வேலை போனால் குவாட்டர்ஸ் போகும். குவாட்டர்ஸ் போனால் லோஜினி போவாள். நேரான மூக்கோடு வீதியில் நிற்க வேண்டியதுதான். மூக்கு கோணலாக இருந்தபோது வாழ்க்கை நேராகத்தானே இருந்தது என்று அழுகை வந்தது.

சமையல் நடக்கும் குசினிக்கு அடுத்த அறையில் தொரை கடிதத்தோடு உட்கார்ந்திருந்தார். அவர் முகமும் வெளிறித்தான் கிடந்தது. இவனை உட்காரச் சொன்னார்.

"நீங்க சரின்னீங்களே, டீமேக்கர்?"

"சேர் தலையாட்டினீங்களே?"

"நீங்க ஆட்டினதாலதானே நான் ஆட்டினேன்?"

"நீங்க ஆட்டினதாலதான் நானும் பலமா ஆட்டினேன், சேர்."

எங்கேயோ இடிக்கிறது, எங்கே என்றுதான் யோகேஸ்வரனுக்குப் பிடிபடவில்லை. அறைக்குள் மெல்ல மூட்டம் இறங்கியது. கண் எரிந்தது. பயத்தில் எரிகிறது என்று நினைத்துக்கொண்டான். தொரையும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பனி உள்ள வருது. அந்த ஜன்னலச் சாத்துங்க."

யோகேஸ்வரன் எழுந்துபோய்ச் சாத்தினான். மூட்டம் இன்னும் கூடியது. இந்த வருசம் பனி ஜாஸ்திதான் சேர் என்றான். ஆமாம் என்றார் தொரை.

அந்நேரம் பங்களாவின் காய்கறித் தோட்டத்தில் லீக்ஸ் பிடுங்கப் போயிருந்த சமையல்கார இராமையா அலறியடித்து ஓடிவந்து குசினிக்குள் பாய்ந்தார். கரிக்கட்டையாகிப் புகைந்துகொண்டிருந்த பருப்புச் சட்டியைத் துணியில் பிடித்தபடி அறை வாசலில் வந்து நின்று, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தீஞ்ச நாத்தம் கீழ லயத்து வீடுங்க வரைக்கும் வருது. தொரைக்குக் கொரோனா வந்ததுலருந்து ஒரு வாசமும் தெரியாதுன்னு எனக்குத் தெரியும், டீமேக்கர் ஐயா, ஒங்களுக்கு என்னங்க வந்துச்சு?"