தன்ஷிகா வேன் ஏறாத கதை

"ஏனுங்க டீச்சர், உங்க சாமி இன்னைக்கும் கெளம்பலீங்க!"

வேன் டிரைவர் அப்புசாமி பேசுவதற்குப் போனே தேவையில்லை. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் காலமெல்லாம் கத்திப் பழகிய தொண்டை. திருச்செங்கோடு டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த நர்மதா டீச்சரின் காதுக்கு வந்த சேதி, படிக்கட்டில் தொங்கியவர்களுக்கும் இலவசமாகக் கிடைத்தது.

"பள்ளிக்கூடத்து கேட் பக்கத்துலயே நிக்கிறாளா?"

"நட்ட கல்லாட்டம் நிக்கிறா. உங்க பஸ்ஸு போன தெசையவே பாத்துக்கிட்டு! ஏன் போகமாட்டீங்கறேன்னா, 'போவேன்'ங்கறா. எப்பன்னா, 'அப்பறம்'ங்கறா. ஆரன் அடிச்சா காதப் பொத்திக்கறா. வண்டிக்குள்ள மத்த புள்ளைக எல்லாம் பசியில என்னையே கடிச்சுத் தின்னுரும் போல இருக்குதுங்க!"

"கொஞ்சம் பொறுங்கண்ணா."

"பொறுத்தாச்சுங்க. இந்த வாரம் பாப்பேன். அதுக்கு மேல அந்தப் பாப்பாவ ஏத்தமாட்டேன், சொல்லீட்டேன்."

வேன் இல்லையென்றால் தன்ஷிகாவுக்குப் பள்ளிக்கூடமே இல்லை. அவள் அம்மா சௌந்தர்யா விசைத்தறிக் கொட்டகையில் வேலை செய்கிறவள். தினமும் தறியை நிறுத்திவிட்டு மகளை அழைக்க ஓடிவர முதலாளி விடுவாரா?

தன்ஷிகா ஆட்டிசம் உள்ள குழந்தை. மூன்றாம் வகுப்பு. வாய்ப்பாடு சொன்னால் பஞ்சாங்கமே தோற்கும். பேசுவதென்றால் மட்டும் வார்த்தையைப் பவுன் விலைக்கு நிறுத்துத்தான் கொடுப்பாள். போன வருஷ டீச்சர், மணி அடித்து முடிப்பதற்குள் ஒருத்தரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கம்பி நீட்டிவிடுகிறவர். அப்போதெல்லாம் இதே குழந்தை சமர்த்தாக வேன் ஏறியதாம். அதுதான் நர்மதா டீச்சருக்கு ஆறவில்லை. 'கண்ணு, சாமி என்று நான் உருகி உருகிப் பேசுகிறேன். என்னிடம் போய் இப்படியா?'

ஏஐ-யிடம் எப்படிக் கேட்டால் எப்படிப் பதில் வரும் என்று ஆசிரியர்களுக்குக் கோடையில் பயிற்சி கொடுத்திருந்தார்கள். டீச்சர் பதற்றத்தில் பயிற்சியை மறந்து, போனை வாயருகே வைத்துக் கேட்டார்:

"எங்க சாமி வாசலத் தாண்டி வரமாட்டீங்குது. வண்டியிலயும் ஏறமாட்டீங்குது. என்ன பண்றது?"

பதில் பொலபொலவென்று கொட்டியது. 'உற்சவமூர்த்தி வாகனத்தில் எழுந்தருளத் தாமதமானால் முதலில் தலைமைப் பூசாரியைக் கலந்தாலோசியுங்கள். மேளதாளம் முழங்க, பூசணிக்காய் சுற்றி உடைத்து...'

பக்கத்து சீட்டுப் பெரியவர் எட்டிப் பார்த்தார். "எந்த ஊர்த் தேருங்கம்மா?"

டீச்சர் வெட்கத்தில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இந்த முறை ஒழுங்காகத் தட்டினார்: 'நீ அனுபவமுள்ள சிறப்புக் கல்வி ஆசிரியர். என் மாணவி ஆட்டிசம் உள்ளவள். சத்தம் ஆகாது. சொன்னது சொன்னபடி நடக்க வேண்டும். பள்ளி விட்டதும் வேனில் ஏறாமல் வாசலிலேயே நிற்கிறாள். வழி சொல்.'

மேட்டூர் அணையைத் திறந்துவிட்டது போல வந்தது பதில். முதல் மடையிலேயே 'பட அட்டைகள்' என்று இருந்தது. அதற்குள் அவர் இறங்கும் நிறுத்தம் வந்துவிட, போன் பைக்குள் போனது. கேள்வித்தாளைக் கடைசி வரி வரை படிக்கச் சொல்லிப் பிள்ளைகளின் உயிரை எடுக்கிற டீச்சர்தான் இவர்.

மறுநாள் அட்டைகள் தயார். டீச்சர், கேட், வேன், வீடு. டீச்சர் அட்டையில் இருந்த கொண்டை, வீட்டு அட்டையில் இருந்த வீட்டைவிடப் பெரியது. தன்ஷிகா அவற்றைத் தடவித் தடவிப் பார்த்தாள். மணி அடித்தது. டீச்சர் கேட்டருகே அவளை நிறுத்தி, "அட்டையப் பாத்துச் சமத்தா ஏறிக்கோணும். வாரேன் சாமி!" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினார்.

பஸ் பாலம் தாண்டுவதற்குள் அப்புசாமியிடமிருந்து ஒரு போட்டோ. மதில்மேல் அட்டைகள் வரிசையாக இருந்தன. ஆனால் வரிசையைத் தன்ஷிகா மாற்றியிருந்தாள். கேட்டுக்கும் வேனுக்கும் நடுவே கொண்டை.

"புரிஞ்சுபோச்சுங்க டீச்சர்!" அப்புசாமியின் குரலில் ஆழ்துளையில் தண்ணீர் கண்ட உற்சாகம். "உங்களையும் வேன்ல வரச் சொல்றா!"

அடுத்த நாள் டீச்சர் பஸ்ஸை விட்டுவிட்டுத் தானும் வேனில் ஏறினார். அதிசயம்! தன்ஷிகா மான்குட்டி போலத் துள்ளி ஏறினாள். அப்புசாமி ஆரனைத் தொடாமல், மாப்பிள்ளை ஊர்வலம் போல ஓட்டினார். வீட்டு முன்னால் அவள் இறங்கினாள். டீச்சர் ஜன்னல் வழியே இடுப்புவரை வெளியே வந்து கையாட்டினார்.

"வாரேன் சாமி!"

விளக்கு வைக்கும் நேரத்துக்குச் சௌந்தர்யா போனில் கூப்பிட்டாள். "டீச்சருங்களா? பாப்பா ரோட்டோரத்துலயே நிக்கறாளுங்க. ஊட்டுக்குள்ள வரவே மாட்டீங்கறா. இத்தன நாளா பள்ளிக்கூட வாசல்ல நின்னா. இப்ப ஊட்டு வாசல்லயுமா?"

டீச்சர் சோற்றைத் தள்ளி வைத்துவிட்டுப் போனை எடுத்தார். மறுபடி ஏஐ. மறுபடி அணை. முதல் மடையில், 'குழந்தையின் வீட்டுச் சூழலை நேரில் கவனியுங்கள்.'

வாரக் கடைசி நாள். டீச்சரும் வீட்டுக்கே வந்து இறங்கினார். தன்ஷிகா செருப்பைக் கழற்றினாள், பையை ஆணியில் மாட்டினாள், தட்டில் முறுக்கை எடுத்துக்கொண்டு டீச்சருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். டீச்சர் வருகிறார் என்று லீவு கேட்டு வந்திருந்த சௌந்தர்யா தந்த காப்பி டீச்சருக்கு அமிர்தமாக இருந்தது. ஜெயித்துவிட்டோம் என்று எழுந்தார்.

"அப்பறம் என்ன, வாரேன் சாமி."

தன்ஷிகா முறுக்கைத் தட்டிலேயே வைத்தாள். பையை ஆணியிலிருந்து எடுத்தாள். செருப்பை மாட்டினாள். வெளியே போய் ரோட்டோரம் நின்றுகொண்டாள்.

வேனிலிருந்து அப்புசாமி தலையில் கை வைத்தார். "டீச்சர், பேசாம நீங்க பாயி தலகாணியோட இங்கயே குடிவந்துருங்க! நான் திங்கக்கெழம பாப்பாவ ஏத்தறதா வேண்டாமா, அதச் சொல்லுங்க மொதல்ல."

சௌந்தர்யாவின் கண் கலங்கிவிட்டது. "பள்ளிக்கூடத்த நிறுத்தற மாதிரி பண்ணீராதீங்க டீச்சர். உங்க வகுப்புக்கு வந்ததுக்கு அப்பறந்தான் எங்கிட்டயே நாலு வார்த்த பேசறா. ராத்திரியெல்லாம் 'டீச்சர், டீச்சர்'ன்னுதான்..."

டீச்சர் பழக்க தோஷத்தில் போனைத் திறந்தார். அவசரத்தில் கட்டைவிரல் வழுக்கி, பதில் அடிமடைக்கே ஓடிவிட்டது. அங்கே ஒரு வரி இருந்தது. முந்தைய பதிலிலும் கடைசியில் அதே வரி.

'அவள் எதற்காக நிற்கிறாள் என்று அவளிடமே கேட்டீர்களா?'

ஏன் போகவில்லை என்று ஊரே கேட்டிருந்தது. எதற்காக நிற்கிறாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

டீச்சர் போய் ரோட்டோரம் மண்ணிலேயே உட்கார்ந்தார். முகத்தைப் பார்த்தால் அவளுக்குக் கூச்சம். அதனால் அவள் பார்த்த ரோட்டையே தானும் பார்த்தார். அப்புசாமிகூட இன்ஜினை அணைத்துவிட்டார்.

"எதுக்கு சாமி நிக்கற?"

தன்ஷிகா ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள். "டீச்சருக்கு."

"நான் இங்கதான கண்ணு இருக்கறேன்?"

தன்ஷிகா பைவாரைச் சரிசெய்துகொண்டாள்.

"இப்ப இருக்கறீங்க. அப்பறம் 'வாரேன், வாரேன்'னு சொல்லீட்டுப் போயிருவீங்க. நானும் தெனமும் நின்னு பாக்கறேன்... ஒருநாளாச்சும் வந்தீங்களா, டீச்சர்?"