எல்லாப் பிள்ளைக்கும் சித்தப்பா

ஆடி அமாவாசை அன்று காலை ஒன்பதே முக்கால் மணிக்குப் பாம்பன் ஜங்ஷனில் என் மகள் என் கையிலிருந்து நழுவிப் போனாள். சிறிது நேரத்திலேயே அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் பொழுது சாயும் வரை என்னால் அவளைத் தொட முடியவில்லை. அதற்குக் காரணமானவரைப் போல ஒரு நல்ல மனிதரையும், அவரைப் போல ஒரு தொல்லையையும் இராமநாதபுரம் ஜில்லா அதற்கு முன்னும் கண்டதில்லை, இனியும் காணப்போவதில்லை.

சர்க்கார் அவருக்குக் கொடுத்த பதவி இன்ஸ்பெக்டர். நாங்கள் கொடுத்த பதவி சித்தப்பா.

பாம்பனில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு ஒரு சிறிய விடுதி இருந்தது. இராமநாதபுரத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த நான் அதற்குக் கௌரவக் காரியதரிசி. மாதம் ஒரு முறை போய்க் கையெழுத்துப் போட்டு, மீன் குழம்பு சாப்பிட்டு வருவதுதான் என் கௌரவம். விடுதியை உண்மையில் நடத்தியவர் ஆரோக்கியத்தம்மாள். கடலோடிக் குடும்பத்துப் பெண்மணி; நல்ல உயரம், அதைவிட நல்ல மனசு. யாராவது வாசலில் வந்து "இது எங்க வீட்டுப் பிள்ளை" என்றால், மோர் கொடுத்து, பிள்ளைக்குத் தலைவாரி அனுப்பிவிடுவார். எங்கள் கரையில் உறவு சொல்லி வந்தவரிடம் "நீ யார்?" என்று கேட்பது கன்னத்தில் அறைவதற்குச் சமம்.

அந்தச் சமயத்தில்தான் பிள்ளைகள் விடுதிகளுக்குப் புதுச் சட்டம் வந்தது. லைசென்ஸ் வேண்டும். விசாரிக்காமல், காரியதரிசியின் எழுத்து உத்தரவு இல்லாமல், எந்தப் பிள்ளையையும் யாரிடமும் ஒப்படைக்கக் கூடாது. இதைச் சொல்லிக்கொடுக்க வந்த இன்ஸ்பெக்டர் முதல் நாள் முழுவதும் சட்டத்தைப் படித்தார். கடல் காற்றுக்கு எல்லோரும் நன்றாகத் தூங்கினோம். விழித்திருந்த ஆரோக்கியத்தம்மாள் மட்டும் கேட்டார்:

"வந்தவுகளை வாசல்ல நிறுத்திக் கேள்வி கேக்கச் சொல்றீக. அவுக மனசு என்னாகும் சார்?"

இன்ஸ்பெக்டர் சட்டப் புத்தகத்தை மூடிக்கொண்டு ரயிலேறிப் போய்விட்டார்.

மறுவாரம் கமுதியிலிருந்து ஒரு மிளகாய் வியாபாரி வந்தார். பெரிய தலைப்பாகை, நெற்றி நிறைய விபூதி. மைக்கேல் என்ற சிறுவனைக் கட்டிக்கொண்டு, "எங்க அண்ணன் மகன்! நான் இவனுக்குச் சித்தப்பன்!" என்று அழுதார். ஆரோக்கியத்தம்மாளும் கூட அழுது, மைக்கேலுக்குப் புதுச் சட்டை மாட்டி அனுப்பினார். தெருமுனைப் பூவரச மரம் வரை போன வியாபாரி தலைப்பாகையைக் கழற்றினார். இன்ஸ்பெக்டர்!

"ஏம்மா, இத்தனை விபூதி பூசுன அண்ணன் தம்பிக்கு மைக்கேல்னு ஒரு மகன் எப்படிம்மா?"

"அதைக் கேட்டா நல்லாவா இருக்கும்?" என்றார் ஆரோக்கியத்தம்மாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அடுத்து, வாலிநோக்கத்து உப்பளத்திலிருந்து முழங்கால் வரை உப்புப் பூத்த ஒரு சித்தப்பா வந்தார். அதற்கடுத்து, தொண்டியிலிருந்து மருந்துப் பெட்டியோடு வைத்தியர் சித்தப்பா. ஒவ்வொரு முறையும் ஒரு பிள்ளை பூவரச மரம் வரை போய்த் திரும்பியது. கையில் மிட்டாய் இருந்ததால் பிள்ளைகளுக்கு இந்தச் சட்டம் மிகவும் பிடித்துப்போயிற்று.

இன்ஸ்பெக்டர் யாரையும் திட்டியதில்லை. வேஷத்தைக் கலைத்துவிட்டு, ஊழியர்களோடு தரையில் உட்கார்ந்து கஞ்சி குடிப்பார். பிள்ளைகளைக் குளிப்பாட்டுவார். சோப்பு நுரைக்கு நடுவே சட்டத்தைச் சொல்லுவார். "கேக்குறது அவமரியாதை இல்லம்மா. உண்மையான சொந்தக்காரன் கேட்டா கோவிச்சுக்கட்டும். உக்கார வைங்க, சோறு போடுங்க, பிள்ளை கண்ணுல படுற இடத்துல வைங்க. விசாரிச்சு முடிக்கிற வரைக்கும் பிள்ளையை மட்டும் குடுக்காதீங்க."

நாலாவது வேஷத்தில் ஆரோக்கியத்தம்மாளுக்குச் சட்டம் புரிந்தது. புரிந்த வேகம்தான் சற்று அதிகம். தபால்காரரின் மீசையை இழுத்துப் பார்த்தார். அது நிஜ மீசை. மாதா கோயில் பங்குச் சாமியாரை வெயிலில் நிறுத்தி, பூசையில் பாதியைச் சொல்லவைத்த பிறகே உள்ளே விட்டார்.

இந்த நிலையில்தான் அந்த அமாவாசை வந்தது. என் மனைவி பிரசவத்துக்குக் கமுதியில் தாய்வீட்டில் இருந்தாள். நாலு வயது மகளை அழைத்துக்கொண்டு நான் இராமேசுவரம் கிளம்பினேன். பாம்பனில் வண்டி மாறும்போது கூட்டம் ஒரு அலை போல வந்து எங்கள் நடுவே புகுந்தது. அலை வடிந்தபோது என் கையில் அவளுடைய ரிப்பன் மட்டும் இருந்தது. தனுஷ்கோடி வண்டி ஒரு பக்கம், இராமேசுவரம் வண்டி ஒரு பக்கம், இரண்டும் நகர்கின்றன. எதில் ஏறுவது?

ஒரு போர்ட்டர்தான் சொன்னார்: "தனியா நின்ன பாப்பாவையா? போலீஸ்காரரு விடுதிக்குக் கூட்டிட்டுப் போனாரே!"

நான் ஓடினேன். கம்பிக் கதவுக்கு உள்ளே, ஊஞ்சலில் இருந்தாள் என் மகள். என்னைப் பார்த்ததும் கையை நீட்டி அழுதாள்.

"ஆரோக்கியத்தம்மா, கதவைத் திறங்க! என் மக!"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "காரியதரிசி சார்தானா?"

"என்னம்மா இது? பாப்பா என்னைப் பார்த்துக் கையை நீட்டுறா பாருங்க!"

"இப்ப வந்ததும் வாட்ச்மேனைப் பாத்தும் இப்படித்தான் நீட்டுச்சு. உங்க மகளை நான் பாத்ததில்லையே சார். மச்சம் எங்கன இருக்கு?"

"இடது தோள்ல... இல்லை, வலது."

"நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டுச்சு?"

"இட்லி. இல்லையில்லை, தோசை."

வாட்ச்மேன் ஆரோக்கியத்தம்மாள் காதில் ஏதோ சொன்னார். இருவரும் என் மீசையைப் பார்த்தார்கள்.

"உத்தரவுதானே வேணும்? நான்தானே காரியதரிசி? இதோ எழுதித் தரேன்!"

"உங்களுக்கு நீங்களே எழுதிக்கிட்டா அது உத்தரவா சார்? பாப்பாவைத் தெரிஞ்சவுக வேற யாரு இருக்காக?"

எனக்கு ஒரே ஒருவர் ஞாபகம் வந்தது. போன மாதம் இன்ஸ்பெக்டர் எங்கள் வீட்டில் சாப்பிட்டார். மகளை மடியில் வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டார். அன்று அவர் எதிர்க்கரையில், மண்டபம் ஊரின் சுற்றுக் கிராமங்களில் இருந்தார். ஸ்டேஷனிலிருந்து அவருக்குச் செய்தி போயிற்று.

பிறகு காத்திருந்தேன். ஆடிக் காற்று மணலை வாரி வாரி இறைத்தது. வானமும் கடலும் ஒரே நிறமாகி, எதிர்க்கரை மேகத்துக்குள் மிதந்தது. அந்தப் புழுதியில் வந்து போனவர்கள் எல்லோரும் எனக்கும் வேஷக்காரர்களாகவே தெரிந்தார்கள். கருவாட்டுக் கூடைக்காரர், காவி கட்டிய யாத்திரிகர், மணி அடித்துப் போன ஐஸ்காரர்: யாரும் அவரவர் இல்லை. ஒரு கட்டத்தில் நான் நான்தானா என்றே சந்தேகம் வந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் என் மகள் அழுது ஓய்ந்து, என்னைப் பார்த்தபடியே தூங்கிப்போனாள்.

பொழுது சாயும் வேளையில் வடகரையில் ஒரு வள்ளம் வந்து நின்றது. ரயிலுக்குக் காத்திருக்க மனமில்லாமல் கடலைக் கடந்து வந்த ஓர் உருவம் இறங்கியது. வேட்டி முழுக்க ஈரம், ஒரு காலில் மட்டும் செருப்பு, குமட்டலில் முகம் பச்சையாக இருந்தது.

"இது என்ன வேஷம்?" என்றார் ஆரோக்கியத்தம்மாள்.

"நிஜந்தாம்மா," என்று முனகி மணலில் உட்கார்ந்தார் இன்ஸ்பெக்டர். "சாருக்குச் சாப்பாடு குடுத்தீங்களா?"

"கஞ்சியும் கருவாடும் குடுத்தேன். தொடலை."

"பிள்ளை கண்ணுல படுற மாதிரி வெச்சீங்களா?"

"அங்கனயேதான் இருந்தாக. பாப்பாவும் அழுதுச்சு, இவுகளும் அழுதாக. எனக்கும்தான் பொறுக்கலை. ஆனா குடுக்கலை சார்."

இன்ஸ்பெக்டர் எழுந்து போய், என் மகளின் தூங்கும் முகத்தைப் பார்த்தார். ஈரக் கையாலேயே உத்தரவு எழுதிக் கையெழுத்திட்டார். ஆரோக்கியத்தம்மாள் கதவைத் திறந்து மகளை என் தோளில் போட்டுவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு உள்ளே ஓடினார்.

இன்ஸ்பெக்டர் அழுது வீங்கிய என் முகத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"எத்தனையோ சித்தப்பாவா வந்துட்டேன் சார். அப்பாவா மட்டும் ஒரு தடவைகூட வரலை. அந்த வேஷத்துக்கு, உங்களோட இந்த முகத்துக்கு நான் எங்க சார் போவேன்?"