தையல் போட்ட வயிறும் சம்பந்தியின் கதையும்

ஔந்த், புனே
9 டிசம்பர் 1998

அன்பும் மரியாதையும் மிக்க சம்பந்தி கல்யாணசுந்தரம் அவர்களுக்கு விஸ்வேஸ்வரன் நமஸ்காரம். இங்கே என் வயிறு நீங்கலாக எல்லாரும் சௌக்கியம். கோயமுத்தூரில் தாங்களும் விசாலம் அம்மாளும் கிருஷ்ணப்ரியாவும் சௌக்கியமாக இருக்கப் பிரார்த்திக்கிறேன்.

ஆஸ்பத்திரிக்கு என்னைப் பார்க்க வந்த தங்களை "வெளியே போங்கோ" என்று கத்தினேனே, அதை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. தை மாதம் நம் பிரணவுக்கும் கிருஷ்ணப்ரியாவுக்கும் கல்யாணம் வைத்துக்கொண்டு, பிள்ளையின் அப்பா செய்கிற காரியமா இது? பித்தப்பையை எடுத்த மறுநாள், மயக்க மருந்து டாக்டர் நீலா வந்து, வலி ஏறுவதற்கு முன்பே மருந்து ஏற வேண்டும் என்று விளக்கினார். எனக்கு நன்றாகப் புரிந்தது. வாத்தியார் முன்னாடியே வகுப்பில் நின்றால் சத்தம் எழும்பாது. எழும்பிய பிறகு மேஜையைத் தட்டிப் பயனில்லை. இவ்வளவு புரிந்தும், ட்ரிப்ஸ் குழாயில் அந்த மருந்தைப் போட வந்த நர்ஸிடம் வேண்டாம் என்றேன். போட்டால் கண் சொருகும், நாக்குக் குழறும் என்று பக்கத்துப் படுக்கைக்காரர் சொல்லியிருந்தார். சம்பந்தி அவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார், அவர் எதிரில் வாயைப் பிளந்து தூங்குவதா? மரியாதைக்காகத்தான், சத்தியமாக.

தாங்கள் வந்தீர்கள். ஸ்டேஷனில் ஆட்டோ கிடைக்காமல், கல்யாண பேண்ட் கோஷ்டியின் டெம்போவில் ட்ரம்முக்கும் ட்ரம்பெட்டுக்கும் நடுவே உட்கார்ந்து வந்த கதையை ஆரம்பித்தீர்கள். ஆஸ்பத்திரி வாசலில் தங்களை இறக்கிவிட்டு ஒரு பாட்டும் வாசித்தார்கள் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தைத்த கோணியை இரண்டு பேர் இரண்டு பக்கம் இழுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோணி நான். தலையணையை வயிற்றோடு அணைத்துப் பல்லைக் கடித்தேன். நான் ரசிக்கவில்லை என்று தாங்கள் நினைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது. "இருங்கோ, இன்னும் இருக்கு! வாட்ச்மேன் சல்யூட் அடிச்சு, மாப்பிள்ளை நீங்களான்னு ஹிந்தியிலே கேக்கறான் ஓய்!" என்றீர்கள்.

"ஐயோ, போதும்! வெளியே போங்கோ!"

தாங்கள் பழப்பையை வைத்துவிட்டு நடந்தீர்கள். என் சம்சாரம் சாவித்ரி என்னைப் பார்த்து, "வலிக்கு மருந்து இருக்கு. உங்க வாய்க்கு எந்த டாக்டர்கிட்டே போறது?" என்றாள். பிறகு மருந்தைப் போட்டுக்கொண்டேன். வயிறு அடங்கியது, மனசு அடங்கவில்லை.

என் மேல் உள்ள கோபத்தைக் குழந்தைகள் கல்யாணத்தில் காட்டிவிடாதீர்கள். மன்னித்தேன் என்று ஒரு கார்டு போட்டால் போதும். விசாலம் அம்மாளுக்கு நமஸ்காரம், கிருஷ்ணப்ரியாவுக்கு ஆசீர்வாதம்.

வருத்தத்துடன்,
விஸ்வேஸ்வரன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் விசாலம் அம்மாள் போன் செய்தார். தங்களுக்குக் கோபமே இல்லையாம். ரயிலுக்கு நேரமாகிவிட்டதைத்தான் நான் அப்படி ஞாபகப்படுத்தினேன் என்று சொல்கிறீர்களாம். "குறுக்கே பேசாம என் கதையைக் கேட்ட மனுஷர் அவர் ஒருத்தர்தான், மிச்சத்தைச் சொல்லியாகணும்" என்று ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறீர்களாம், பத்து நாள் தங்க. ஆகவே இதைக் கூரியரில் அனுப்புகிறேன். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாகப் பாவிக்கவும். சம்பந்தி, தயவுசெய்து கோபித்துக்கொள்ளுங்கள். தையல் பிரிக்கிற வரைக்குமாவது.