இரண்டாம் பந்திக்கு முதல் பரிசு

வாழ்நாளில் நான் எழுதியது ஒரே ஒரு சிறுகதை. கதை சுமார்தான், தலைப்பு மட்டும் அபாரம் என்றார்கள். சேதம் விளைவித்ததும் அந்தத் தலைப்புதான்.

எழுபதுகளின் கடைசி. ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் திருச்சிக்குப் போய் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். (ஜன்னல் சீட் கிடைத்தால் காவிரியைப் பார்த்துப் பெருமூச்சு விடுவேன். எழுத்தாளர்கள் அப்படித்தான் செய்வார்கள் என்று நினைப்பு.) கல்லூரியில் சிறுகதைப் போட்டி அறிவித்தார்கள். ஒரு வாரம் கரு தேடி அலைந்தேன். கடைசியில் அது எங்கள் வீட்டுச் சமையலறையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. என் சித்தி.

என்னைப் பெற்றவள் எனக்கு மூன்று வயதில் இறந்துபோனாள். அடுத்த வருடம் அப்பா சித்தியைக் கல்யாணம் செய்துகொண்டார். அவளுக்குக் குழந்தை பிறக்கவில்லை. எனக்குத் தலை பின்னியது, ஜுரத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது எல்லாம் அவள்தான். அப்பாவும் நானும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் தனக்குத் தட்டு வைத்துக்கொள்வாள்.

இரண்டாம் தாரம், இரண்டாவதாகச் சாப்பிடுகிறாள். 'இரண்டாம் பந்தி' என்று எழுதி அடிக்கோடு போட்டபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. கதாநாயகியின் பெயரைக் காமாட்சி என்று மாற்றினேன். (கன்னத்தில் மச்சம் ஒட்டிக்கொண்டு மாறுவேஷம் போடுவார்களே, அந்த மாதிரி.)

முதல் பரிசு கிடைத்தது. கதை என்ன என்று சித்தி கேட்டாள். "மேடையில கேளுங்க சித்தி, சஸ்பென்ஸ்" என்றேன். விழாவுக்குக் கல்யாணப் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். தான் போய்க்கொண்டிருந்த தையல் வகுப்பிலிருந்து சரோஜா அக்காவையும் மேரி டீச்சரையும் கையோடு அழைத்து வந்திருந்தாள். மூன்று பேரும் முன்வரிசை.

தமிழ்ப் பேராசிரியர் மைக்கை என்னிடம் தந்தார்.

"கதையை எல்லாரும் கல்லூரி மலர்ல படிச்சுக்குவாங்க. தலைப்பு கதாபாத்திரத்துக்கும் கருவுக்கும் எப்படிப் பொருந்துதுன்னு மட்டும் சொல்லும்மா."

"இது எங்க வீட்டுக் கதை" என்று ஆரம்பித்தேன். (அப்படி ஆரம்பிக்கச் சொல்லி யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை.) "எங்க சித்தி எங்கப்பாவுக்கு இரண்டாம் தாரம். வாழ்க்கையிலயும் அவங்களுக்கு இரண்டாம் பந்திதான். மிச்சம் மீதிதான் அவங்க தட்டுக்கு வரும். அந்தச் சோகம்தான் தலைப்பு. அதோ, அவங்களே வந்திருக்காங்க."

அரங்கமே திரும்பிப் பார்த்துக் கைதட்டியது. சரோஜா அக்கா மட்டும் தட்டுவதற்குத் தூக்கிய கைகளை மடியில் வைத்துக்கொண்டார். மேரி டீச்சர் சித்தியைப் பார்த்தார். சித்தி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தரையைப் பார்த்தாள். உருகிப்போய்விட்டாள் என்று நான் நினைத்தேன்.

விழா முடிந்ததும் தோழிகள் இருவரும் கடைக்குப் போக வேண்டும் என்று சொல்லிப் பிரிந்துவிட்டார்கள். பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியதும் சித்தி கேட்டாள்:

"நான் ஏன் கடைசியா சாப்பிடறேன்னு என்னை ஒரு வார்த்தை கேட்டியாடி?"

அவளே தொடர்ந்தாள்:

"உங்கப்பா சாப்பிடும்போது ஆபீஸ் கதையா பேசித் தள்ளுவாரு. அவரு எழுந்துட்டா ரேடியோவுல பாட்டு கேட்டுக்கிட்டே நிம்மதியா சாப்பிடுவேன். வறுவல்ல முறுகலா இருக்கறதை எல்லாம் எனக்குன்னு முதல்லயே எடுத்து வச்சிருவேன். மிச்சம் திங்கறது நீங்க ரெண்டு பேரும்தான்."

பரிசு பெற்ற கரு அந்த இடத்திலேயே செத்தது. அதோடு விட்டிருந்தால் இதை நான் வெறும் சிரிப்புக் கதையாகச் சொல்லியிருப்பேன். பஸ் பாலத்தைத் தாண்டிய பிறகு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"சரோஜாகிட்டயும் மேரி டீச்சர்கிட்டயும் நீ என் வயித்துல பொறந்தவன்னுதான் சொல்லியிருந்தேன். அப்புறம் ஏன் சித்தின்னு கூப்பிடறான்னு கேட்டாங்க. பெரியம்மா பசங்க கூப்பிடறதைக் கேட்டுப் பழகிட்டான்னு சொன்னேன். நம்பியிருந்தாங்க."

அடுத்த வாரத்திலிருந்து சித்தி தையல் வகுப்புக்குப் போகவில்லை. பாதி தைத்த ஜாக்கெட் ஒன்று பீரோவுக்குள் போனது. நானும் அதற்குப் பிறகு கதை எழுதவில்லை. (தமிழ் இலக்கியத்துக்கு நஷ்டம் இல்லை.)

நான்கைந்து வருடம் கழித்து சமயபுரத்தில் எனக்குக் கல்யாணம். மண்டப வாசலில் மாப்பிள்ளையின் அத்தை சித்தியிடம் கேட்டார்:

"நீங்கதான் பொண்ணோட அம்மாங்களா?"

சித்தி என் பக்கம் கையைக் காட்டினாள்.

"அவளையே கேளுங்க. எங்க வீட்டுல தலைப்பெல்லாம் அவதான் வைப்பா."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் பேரக் குழந்தைக்குப் பெயர் வைப்பதாக இருந்தாலும், கல்யாணப் பத்திரிகையில் யார் பெயரை எப்படிப் போடுவது என்றாலும், "தலைப்பு வைக்கறவளைக் கூப்பிடுங்க" என்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன்.

அன்று வாசலில் நான் பதில் சொன்னேன். "அம்மாதாங்க" என்றேன். சரியாக அந்த நொடியில் நாதஸ்வரக்காரர்கள் ஆரம்பித்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அத்தை காதருகே கையை வைத்து, "என்னம்மா?" என்றார். சித்தி அதற்குள் மண்டபத்துக்குள் போய்விட்டிருந்தாள். அவளுக்குக் கேட்டதா என்று, அவள் இருந்தவரை நான் கேட்கவே இல்லை.