ஆளில்லாத வீட்டிலிருந்து மாமனார் எழுதுவது

பெருமதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. நான் உயிரோடும் நலத்தோடும் இருக்கிறேன். மற்றவர்கள் இதை மரியாதைக்காக எழுதுவார்கள்; நான் ஆதாரத்துக்காக எழுதுகிறேன். அங்கே நீங்களும் என் மகளும், கோபித்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கும் உங்கள் அத்தையும் சௌக்கியம் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தை அத்தையிடம் காட்ட வேண்டாம்.

காட்டு விலங்குகளையும் பாழடைந்த கட்டடங்களையும் தேடித்தேடிப் படம் எடுப்பது உங்கள் ஆசை. அதற்கு நான் என்றாவது குறுக்கே நின்றேனா? காட்டெருமை துரத்தி நீங்கள் மரத்தில் ஏறிய கதையை ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டிருக்கிறேன். "படப் போட்டியில முதல் பரிசு மாமா, கண்காட்சிக்கு நீங்களும் அத்தையும் கட்டாயம் வரணும்" என்றீர்கள். இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தேன். வந்து பார்த்தால் சுவர் அளவுக்கு என் வீடு தொங்குகிறது. கீழே கொட்டை எழுத்தில் 'ஆளில்லாத வீடு'. என்ன மாப்பிள்ளை இது என்று கேட்டால், "அந்தப் பக்கமா வந்தேன் மாமா, நீங்க தூங்குவீங்கன்னு உள்ள வரல, வெளிச்சம் நல்லா இருந்துச்சு, பாத்தா சந்தோஷப்படுவீங்கன்னு நெனச்சேன்" என்கிறீர்கள். அந்தத் தாடி வைத்த நடுவர் கையில் குச்சியோடு வந்து, "மனுஷங்க இந்த வீட்டை விட்டுப் போய் ரொம்ப காலம் ஆகியிருக்கும், சன்னல்ல மக்கித் தொங்குற அந்தத் துணியைக் கவனிங்க" என்றார். "அது மக்கல, நான் துவைச்சுக் காயப்போட்ட துண்டு" என்று உங்கள் அத்தை கூட்டத்தில் சொல்லிவிட்டாள். "மாடியில ஒரு நிழல் தெரியுது, அது உருவமா இல்ல நம்ம பிரமையா" என்று அவர் அடுத்து கேட்டபோது, பேப்பர் படித்துக்கொண்டிருந்த அந்த நிழலாகிய நான் அவர் பக்கத்திலேயே நின்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். அதோடு விட்டாரா? கூரை ஓட்டைக்குள் மின்னிய இரண்டு கண்களைக் குச்சியால் தொட்டு, மரநாய் என்றார். பரணில் ஏதோ குடியிருக்கிறது, உடைந்த ஓடுகளை மாற்றுங்கள் என்று உங்கள் அத்தை சொல்லாத நாளில்லை. அது எலி என்று நான் சாதிக்காத நாளுமில்லை. "எலி நல்லா வளர்ந்திருக்கு. இனி அந்த வீட்ல நானா அதுவான்னு நீங்களே முடிவு பண்ணுங்க" என்றவள் அப்படியே உங்கள் காரில் ஏறிவிட்டாள்.

அதற்கப்புறம் நான் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. காமிரா தூக்கியவன் எல்லாம் என் வாசலுக்குத்தான் வருகிறான். கடைத்தெருவுக்கு வந்தவன்போல ஒருத்தன் சாவகாசமாக நின்று, "பெரியவரே, கொஞ்சம் ஒதுங்குங்க, படத்துல விழறீங்க" என்கிறான், அதுவும் என் வீட்டு வாசலில், என் நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கும்போது. ஒரு பெண் உள்ளேயே வந்து, சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்த என்னைப் பக்கவாட்டில் இருந்து படம் எடுத்திருக்கிறாள். நான் தும்மியதும் அவளும் கூட வந்தவர்களும் ஓடிய ஓட்டத்தில் காமிரா ஸ்டாண்டை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அதில்தான் இப்போது துண்டு காயப்போடுகிறேன். வீட்டைக் கூட்டிப் பெருக்கி வைத்தால், "யாரோ வந்து கெடுத்துட்டாங்க, போன வாரம் ஒட்டடை சூப்பரா இருந்துச்சு"ன்னு என்கிட்டயே புகார் சொல்றாங்க மாப்பிள்ளை. நான் யார்கிட்ட போய்ச் சொல்றது?

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். அந்தத் தலைப்பை உடனே மாற்றச் சொல்லுங்கள். இங்கே ஆள் இருக்கிறது. நாளைக்கே ஓடு மாற்ற ஏற்பாடு செய்துவிட்டேன், மரநாயை விரட்டியாகிவிடும். இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லி உங்கள் அத்தையை அனுப்பி வையுங்கள். நான் கெஞ்சுவதாகத் தெரியக்கூடாது.

நீங்களும் என் மகளும் நீடூழி வாழ்க. காட்டெருமைகள் உங்களைக் கண்டால் விலகிப் போகட்டும்.

இப்படிக்கு,
வீட்டில் இருக்கும் மாமனார்

பின்குறிப்பு: தபாலில் போடுவதற்குள் ஓடு மாற்றுகிறவர் வந்துவிட்டார். பரணில் ஏறியவர் ஏறிய வேகத்திலேயே இறங்கி, "குட்டி போட்டிருக்கு சார், இன்னும் கண்ணு தொறக்கல" என்றார். குட்டிகள் கிளம்பும்வரை வேலையை நிறுத்தி வைத்திருக்கிறேன். காமிராவோடு வந்து பாருங்கள், தாய் நன்றாக இருக்கிறது. தலைப்பையும் மாற்ற வேண்டாம். காலையில் மூக்குக்கண்ணாடியைக் காணாமல், "எங்க வெச்சே?" என்று வீடு முழுக்கக் கேட்டுக்கொண்டு போனேன், பரணில் இருந்துதான் சத்தம் வந்தது. இந்தக் கடிதத்தை அடுக்களைப் பக்கமாக நின்று, அத்தை காதில் விழும்படி உரக்கப் படியுங்கள். நான் சொல்லித்தான் படிக்கிறீர்கள் என்று தெரியவேண்டாம். அது எலி இல்லை. இந்தக் கடைசி வரியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.