முப்பத்தோராம் கார்டு

பிடில் கப்பலேறி நம் நாட்டுக்கு வந்த நாளிலிருந்து இன்றுவரை, ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தவிர, தன் மாணவர் யாருடைய வாசிப்பையும் காதால் கேட்காமலே பிடில் சொல்லிக்கொடுத்த மகானுபாவர் உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் ஓசூர்க்காரர். ஐரோப்பாவில் எவனாவது இருந்திருப்பானே என்று சந்தேகப்படுகிறவர்கள் அவன் பெயரையும் விலாசத்தையும் எனக்கு எழுதி அனுப்பலாம். அதுவரை நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ஊருக்கு அவர் கார்டு வாத்தியார். நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். அளவுச் சங்கிலியோடு தளி, கெலமங்கலம், வேப்பனப்பள்ளி என்று அலைந்த காலத்தில், போன ஊரிலெல்லாம் யாராவது ஒருவர் வீட்டுச் சுவரில் ஒரு பிடில் ஆணியில் தொங்குவதைப் பார்த்திருக்கிறார். நாடகக் கம்பெனி விட்டுப்போனது, பாதிரியார் கொடுத்தது, ஆசைப்பட்டுப் பெங்களூரில் வாங்கியது. சொல்லிக்கொடுக்கத்தான் ஆளில்லை. ஓய்வு பெற்ற மறுநாளே தபாலாபீசுக்கு வந்து ஒரு கட்டு போஸ்ட் கார்டு கேட்டார். எடுத்துக் கொடுத்தவன் நான். ஐம்பதுகளின் நடுவில் நான் அங்கே குமாஸ்தா.

"வெள்ளைக்காரன் இதை நின்னுக்கிட்டு வாசிச்சான், நாம உக்கார வெச்சோம். அவன் காகிதத்தப் பாத்துப் படிச்சான், நாம குரு வாயப் பாத்துப் படிச்சோம். குரு இல்லாத ஊருக்காரன் என்னா பண்ணுவான்? காகிதத்துக்குத்தான திரும்பணும்?" என்பார். அவருக்குப் பின்னால் ஆறு பேர் வரிசையில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார்கள்.

காகிதம் சரி, எந்த எழுத்தில் எழுதுவது? தளி பூ வியாபாரிக்குக் கன்னடம்தான் படிக்க வரும். வேப்பனப்பள்ளி மாந்தோப்புக்காரருக்குத் தெலுங்கு. கெலமங்கலம் நர்சம்மாவுக்குத் தமிழும் பைபிளும். வாத்தியார் எழுத்தையே ஒழித்துவிட்டார். தந்திக்கு ஓர் எண், விரலுக்கு ஓர் எண், வில் போகும் திசைக்கு ஓர் அம்பு. முதல் பாடத்தோடு உறையில் ஒரு நூலும் வரும். அதில் முடிச்சுகள் இருக்கும். பிடிலின் கழுத்தோரம் நூலை வைத்து, முடிச்சு இருக்கும் இடத்தில் விரலை வைக்க வேண்டும். தாலுகாவையே அளந்த மனிதருக்கு நாலு தந்தி எம்மாத்திரம்!

ஓசூர் எந்த மாநிலத்துக்குப் போகும் என்று டீக்கடை தோறும் சண்டை நடந்த சமயம் அது. மூன்று மொழிக்காரர்களுக்கும் வாராவாரம் வெறும் எண்ணும் அம்புமாகக் கார்டு போனால் போலீஸ் சும்மா இருக்குமா? ஒரு சப்-இன்ஸ்பெக்டர் கார்டும் கையுமாக வாத்தியார் வீட்டுக்கு வந்துவிட்டார். வேடிக்கை பார்க்க நானும் போனேன்.

"என்னாய்யா இது? ரெண்டு மூணு, ரெண்டு மூணு, மேல அம்பு? எங்க போகச் சொல்ற அவனுங்கள?"

"ஆளுங்கள இல்ல சார், வில்லத்தான் மேல போகச் சொல்றன்."

சொன்னதோடு நிற்காமல் கார்டை வாங்கி அப்படியே வாசித்துக் காட்டினார். சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டார். மறுவாரம் அவர் விலாசத்துக்கும் ஒரு முடிச்சு நூல் போயிற்று.

நானும் மாணவனாகச் சேர்ந்தேன். வாத்தியார் வீடு எனக்கு மூன்று தெரு தள்ளி. ஒருநாள் சந்தேகம் கேட்கப் போனால், வாசலிலேயே மறித்துவிட்டார்.

"நேர்ல கேக்கக் கூடாது. கார்டு போடு."

"சார், நான் இங்கதான நிக்கறன்?"

"தளிக்காரன் இங்க நிக்கறானா? அவனுக்கு இல்லாத சலுகை உனக்கு எதுக்கு?"

ஆபீசுக்குத் திரும்பிப்போய்ச் சந்தேகத்தை எழுதி, நானே முத்திரை குத்தி, நானே தபால்காரரிடம் கொடுத்தேன். இரண்டாம் நாள் பதில் வந்தது. அதற்கும் நான்தான் முத்திரை குத்தினேன்.

இப்படி ஒன்பது பேர் ஆனோம். வினை, கிருஷ்ணகிரியிலிருந்து வந்த ஒரு பாகவதர் ரூபத்தில் வந்தது. நல்ல வித்வான், வாயும் பெரிது. ஸ்டாம்பு வாங்க வந்த இடத்தில் வாத்தியாரைப் பிடித்துக்கொண்டார்.

"கார்டுல பிடில் சொல்லித் தரீராமே? அடுத்தது பார்சல்ல மிருதங்கமா? காதால வர வித்தைய்யா இது!"

வாத்தியாருக்கு முகம் சிவந்துவிட்டது. "வர்ற ஞாயித்துக்கிழமை பள்ளிக்கூட ஹாலுக்கு வாங்க. ஒன்பது பேரும் வாசிப்பாங்க. வித்தை வரலன்னா, அன்னியோட நான் கார்டு எழுதறத விட்டுடறன்."

கார்டு நின்றால் எங்கள் ஒன்பது பிடிலும் பழையபடி ஆணிக்குத்தான் போகும்.

ஞாயிறு மத்தியானம் மூன்று மணி. அதுவரை எங்களில் பெரும்பாலோர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. நர்சம்மா மாதா கோயில் பாடகர் குழுவில் பார்த்தபடி மோவாயில் பிடிலை இடுக்கிக்கொண்டு நின்றார். பூ வியாபாரி சம்மணம் போட்டுப் பிடிலின் தலையைப் பாதத்தில் ஊன்றிக்கொண்டார். மாந்தோப்புக்காரர் நெஞ்சில் சாய்த்துப் பிடித்தார். சப்-இன்ஸ்பெக்டர் அட்டென்ஷனில் நின்றார். பாகவதர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"விரலுக்குத்தான் எழுதனேன், உடம்ப அவங்கவங்க சௌகரியத்துக்கு விட்டுட்டன்" என்றார் வாத்தியார், கொஞ்சமும் அசராமல்.

முப்பத்தோராம் கார்டில் வந்த கீதத்தை ஆரம்பித்தோம். முதல் வரி, இரண்டாம் வரி, ஒன்பது வில்லும் ஒரே திசையில் போய் ஒரே திசையில் திரும்பின. பாகவதர் சிரிப்பு நின்றது. வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார். தன் மாணவர்களை முதல்முறையாகக் கேட்கிறார் அல்லவா!

மூன்றாம் வரியில் ஒரு ஸ்வரம் நாராசமாக விழுந்தது. பாகவதர் துள்ளி எழுந்தார்.

"அபஸ்வரம்! சொன்னேனா இல்லையா?"

எங்களுக்கு உயிரே போய்விட்டது. வாத்தியார் பையிலிருந்து தன் நகலை எடுத்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். பிறகு அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாதபடி நிமிர்ந்தார்.

"தப்பு என்னுது. ரெண்டாம் விரல்னு எழுத வேண்டிய எடத்துல மூணாம் விரல்னு எழுதிட்டன். ஆனா கேட்டீங்களா பாகவதரே? தளி ஒரு மூலை, வேப்பனப்பள்ளி ஒரு மூலை. ஒன்பது பேரும் ஒரே எடத்துல, ஒரே அளவுல தப்பா வாசிச்சாங்க! ஒரு நூல் பிசகலையே!"

"எனக்கும் கசந்துது ஸ்வாமி" என்றார் பூ வியாபாரி. "ஆனா கார்டுல அப்பிடித்தான இருக்குது!"

பாகவதர் ஒன்பது பிடிலையும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். "எங்கிட்ட நாலு சிஷ்யனுங்க இருக்கானுங்க. நாலு பேரும் நாலு விதமாப் பிசகறானுங்க" என்றார் கடைசியில். "அந்த முடிச்சு நூல் எனக்கும் ஒண்ணு அனுப்பும்."

என் வாழ்க்கையில் நான் மார்தட்டிக்கொண்டு வெளியே வந்த ஹால் அது ஒன்றுதான். தப்பாக வாசித்துவிட்டு அவ்வளவு பெருமைப்பட்டவர்கள் வேறு யாரும் இருக்க முடியாது.

மறுவாரம் ஒன்பது கார்டுகள் என் கைக்கு வந்தன. "முப்பத்தொன்று, மூன்றாம் வரி: 3 இல்லை, 2" என்பதைக்கூட எண்ணும் அம்புமாகத்தான் எழுதியிருந்தார், கீழே மன்னிப்பு மட்டும் மூன்று மொழியில். அதன்பிறகு எத்தனையோ கார்டு வந்தது. எங்கள் வாசிப்பை நேரில் கேட்க மட்டும் அவர் மறுபடி சம்மதிக்கவே இல்லை.

அவர் போய்ப் பல காலம் ஆகிறது. அந்தக் கீதத்தை இன்றும் வாசிக்கிறேன். திருத்தம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். இருந்தும் மூன்றாம் வரி வந்தால் மூன்றாம் விரலைத்தான் வைக்கிறேன். அவர் என் வாசிப்பைக் கேட்டது அந்த ஒரு தடவைதான், அப்போது அப்படித்தான் வாசித்தேன்.