அத்தானின் ஆம்ப்ளிஃபயரும் அக்காவின் அடுக்களையும்

இதை எனக்கு முதலில் சொன்னது என் அக்கா. போன மாதம், என் சின்ன மகள் பிரசவ அறைக்குள் இருந்தபோது. நாங்கள் இருவரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நான் கண்ணை மூடிக் கடவுளை வேண்டிக்கொண்டிருந்தேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ பாட்டுக்கு வேண்டிக்கிட்டே இரு, காதை மட்டும் இந்தப் பக்கம் கொடு" என்று ஆரம்பித்தாள். பேத்தி பிறந்த சேதியை நர்ஸ் இரண்டு தடவை சொன்ன பிறகுதான் எங்களுக்குக் கேட்டது. அவ்வளவு சிரிப்பு.

முதலில் அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும். தங்கமான மனிதர். தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைதான் ஓய்ந்தது, மேற்பார்வை ஓயவில்லை. ஓய்வு பெற்ற மறுநாளே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அடுக்களைக்குள் வந்து நின்றுவிட்டார்.

"வெங்காயத்தை அங்க நறுக்கி ஏன் இங்க தூக்கிட்டு வர்ற?"

"அடுப்பு இங்கதானேங்க இருக்கு."

"அப்ப அடுப்பு தப்பான இடத்துல இருக்கு."

"நான் இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து அங்கதாங்க இருக்கு."

"அத்தனை வருஷமா தப்பா இருக்கு."

டப்பாக்களை உயரப்படி நிற்க வைத்தார், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை நிற்க வைக்கிற மாதிரி. மறுநாள் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"என்ன இது, உப்புக் கரிக்குது?"

"உயரம் சரியா இருந்ததுங்க. அதைப் பாத்துதான் எடுத்துப் போட்டேன்."

அதற்கும் அசரவில்லை. வீட்டில் இருக்கிற ஒவ்வொரு பொருளையும் தினமும் துடைக்க வேண்டும் என்று ஓர் உத்தரவு. துடைத்தபின் விரலால் தடவிப் பார்ப்பார். கடைசியாகப் பெரிய குண்டைப் போட்டார். அடுக்களைச் சுவரை இடித்து, அடுப்பை மாற்றி, எல்லாவற்றையும் தொழிற்சாலை மாதிரி வரிசையாக்கப் போகிறாராம்.

அடுக்களை அக்காவுக்கு வெறும் சமைக்கிற இடமா என்ன? காலையில் அந்த ஜன்னலோரம் நின்றுதான் சாமி கும்பிடுவாள். அங்கே நின்றுதான் பிள்ளைகளோடு போனில் பேசுவாள். அழவேண்டும் என்றால்கூட அங்கேதான், ஒரு வெங்காயத்தை எடுத்து வைத்துக்கொண்டு. அன்றைக்கும் அதே ஜன்னலோரம் நின்று, "கடவுளே, ஒரு வழி காட்டு" என்று அண்ணாந்து பார்த்தாள். மேலே பரண் இருந்தது. பரணில் அந்த ஆம்ப்ளிஃபயர் இருந்தது.

அத்தான் கல்யாணத்துக்கு முன்னாலேயே வாங்கியது அது. இரண்டு பக்கமும் மரம். உள்ளங்கை நிறைகிற வால்யூம் குமிழ். கண்ணாடிக்குள் முள் ஆடுகிற இரண்டு மீட்டர். ஒரு நாள் வலது ஸ்பீக்கர் ஊமையானது; இடது ஸ்பீக்கர் வண்டு மாதிரி இரைய ஆரம்பித்தது. போர்வை சுற்றிப் பரணில் ஏற்றியதோடு சரி.

அக்கா அதை இறக்கி ஹாலில் வைத்தாள்.

"இதை எதுக்கு இறக்கினே?"

"பழைய சாமான்காரரு வர்றாரு. போட்டுடலாம்னு."

"போட்டுடலாமா? இது மாதிரி இப்ப எவன் செய்யறான்?"

"ஓடலையேங்க."

"ஓட வைக்கத் தெரியாதா எனக்கு?"

"தெரியும்தான். ஆனா கண்ணு முன்ன மாதிரி இல்லையே உங்களுக்கு."

அவ்வளவுதான். அத்தான் நிமிர்ந்து நின்றார். "இது ரெண்டு பக்கமும் பாடற அன்னிக்கு அடுக்களை என் பொறுப்பு. சம்மதமா?"

"சம்மதம். ஆனா அதுவரைக்கும் நீங்க அந்த வாசப்படி தாண்டக் கூடாது."

அக்காவின் கணக்கு என்னவென்றால், அது இந்த ஜென்மத்தில் பாடாது. அங்கேதான் அவள் அத்தானைக் குறைவாக எடைபோட்டுவிட்டாள்.

மூடியைக் கழற்றினார். உள்ளே ஒரு விரல் கனத்துக்குத் தூசி. நடுவில் ஒரு கரப்பான்பூச்சி கைகால் நீட்டிச் செத்துக் கிடந்தது. பிரஷ்ஷால் பூப்போலத் துடைத்தார். மின்சாரத்தைத் தேக்கி வைக்கிற கெப்பாசிட்டர்கள் தலை வீங்கி நின்றன. கடை கடையாக அலைந்து அதே அளவில் புதுசு வாங்கி வந்தார். கண்ணாடிக்கு மேல் பூதக்கண்ணாடி பிடித்து, விட்டுப்போன இடத்திலெல்லாம் ஈயம் வைத்துப் பற்றவைத்தார். வீடு முழுக்க ஈயப் புகை. அடுக்களையில் மட்டும் அமைதி. அக்கா டப்பாக்களைத் தன் இஷ்டத்துக்கு மாற்றி அடுக்கிக்கொண்டாள்.

முதல் தடவை கரண்ட் கொடுக்கும்போது நடுவில் ஒரு குண்டு பல்பை இணைத்தார்.

"ஆம்ப்ளிஃபயருக்கு எதுக்குங்க பல்பு?"

"உள்ள கோளாறு இருந்தா இது பளிச்சுனு எரியும். மங்கிப்போனா எல்லாம் நல்லா இருக்குன்னு அர்த்தம்."

"வெளிச்சம் வந்தா கவலைப்படற ஆளை இன்னிக்குத்தான் பாக்கறேன்."

பல்பு ஒரு கணம் மினுக்கி மங்கியது. இரைச்சல் போயிருந்தது. ஆனால் இடது பக்கம் மட்டும் பாடியது. வலது பக்கம் மூச்சில்லை.

மறுபடி கழற்றினார். ஒயர் ஒயராகத் தொட்டுப் பார்த்தார். வலது பக்கத்துச் சாமான் முழுவதையும் மாற்றினார். மாட்டினார். பாடவில்லை. கழற்றினார். பாவம், சாப்பிடும்போதுகூட விரல் தட்டில் ஒயர் வரைந்துகொண்டிருந்தது. கடைசியில் ஒரு நாள் காலை, இரண்டு ஸ்பீக்கருக்கும் சத்தத்தைப் பங்குபோட்டுக் கொடுக்கிற சின்னக் குமிழ் அவர் கண்ணில் பட்டது. அது முழுக்க இடது பக்கம் திரும்பி நின்றது.

"இதை யாரு திருகினது?"

"திருகலைங்க. துடைச்சேன்."

"இதை எதுக்குத் துடைச்சே?"

"தினமும் எல்லாத்தையும் துடைக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க. விரலால தடவிப் பாப்பீங்களேன்னு அழுத்தித்தான் துடைச்சேன்."

"வேணும்னேதான் செஞ்சியா அக்கா?" என்று நான் ஆஸ்பத்திரியில் கேட்டேன். அக்கா பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தாள்.

அத்தான் குமிழை நடுவுக்குத் திருப்பினார். பாட்டு வந்தது பாருங்கள், இரண்டு பக்கமும். சின்னச் சத்தமும் தெளிவாக, பெரிய சத்தமும் கிழியாமல், மீட்டர் முள் இரண்டும் சேர்ந்து ஆடின. பக்கத்து வீட்டு டீச்சர் ஓடி வந்தார். எதிர்க் கடைத் தையல்காரர் கழுத்தில் அளவு டேப்போடு வந்தார். அத்தான் ராஜா மாதிரி நடு ஹாலில் உட்கார்ந்திருந்தார். அக்காவுக்கே கண் கலங்கிவிட்டதாம். கல்யாணம் ஆன புதிதில் அவர் இதே மாதிரி உட்கார்ந்துதான் அவளுக்குப் பாட்டுப் போட்டுக் காட்டினாராம்.

எல்லோரும் கிளம்பியதும் அத்தான் கையை நீட்டினார். "சாவி."

அக்கா உடனே அடுக்களையை ஒட்டிய சாமான் அறைச் சாவியை எடுத்துக் கொடுத்தாள். அதற்கு முன்னாலேயே, வாசல் வரை டீச்சரையும் தையல்காரரையும் வழியனுப்பப் போனவள், ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தாள். "உங்க வீட்டுல இது மாதிரி எதுவும் சும்மா கிடக்குதா?"

மறுநாள் காலை அத்தான் அடுப்பை அளந்துகொண்டிருந்தார். அழைப்பு மணி அடித்தது. டீச்சர், தன் அப்பாவின் ரேடியோவைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு நின்றார்.

"உங்க கைக்குத்தான் இது பேசும் சார்."

அத்தான் டேப்பைச் சுருட்டினார். ரேடியோவை மேசையில் வைத்துத் திறக்கும்போதே தையல்காரர் இரண்டு டேப் ரெக்கார்டரோடு வந்துவிட்டார்.

அக்கா பணிவாகப் போய் நின்றாள். "ஏங்க, சுவரை எந்தப் பக்கத்திலேர்ந்து இடிக்கணும்? சமைக்காம காத்துக்கிட்டு இருக்கேன்."

"இரும்மா. பாக்கறே இல்ல, மூச்சுவிட நேரமில்லை."

"சரிங்க. டப்பாவை எப்படி அடுக்கட்டும்?"

"எப்படியோ அடுக்கு."

"அது உங்க பொறுப்பாச்சேங்க. நான் எப்படித் தொடறது?"

அத்தான் சட்டைப்பையில் கைவிட்டுச் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார். "இந்தா. இனிமே அந்தப் பக்கம் நீயே பாத்துக்கோ. எல்லாத்தையும் என் தலையில கட்டாதே."

"நீங்க சொன்னா சரிங்க" என்றாள் அக்கா.

அன்றிலிருந்து அத்தானுக்குத் தெருவில் பெயர் டாக்டர். யார் வந்தாலும், "அடுக்களையை அவளுக்கே விட்டுக் கொடுத்துட்டேன்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார். நானும் தினமும் இருவருக்காகவும் வேண்டிக்கொள்கிறேன்.

ஆனால் நேற்று அக்கா போன் செய்தாள். அந்தத் தெருவில் இருந்ததெல்லாம் பாட ஆரம்பித்துவிட்டதாம். காலையில் அத்தான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அடுக்களை வாசல் வரை வந்து நின்றாராம். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். உங்கள் வீட்டில் ஓடாத ரேடியோ ஏதாவது இருந்தால் கொடுத்தனுப்புங்கள். ஓடுவதுதான் இருக்கிறது என்றால், ஒரு ஒயரை மட்டும் பிடுங்கிவிட்டு அனுப்புங்கள்.